வலி நின்னுருச்சுன்னா பல் பிழைச்சிருச்சா?

"வலி போயி எட்டு மாசமாச்சு டாக்டரம்மா. அப்புறம் எதுக்கு இப்ப வந்து வீங்குது?"

மதுரைப் பக்கம் ஒரு பல் மருத்துவமனை. கேட்டவருக்கு வயது 48. வலது கன்னம், உள்ளே ஒரு கொழுக்கட்டையை ஒதுக்கி வைத்ததுபோல உப்பியிருக்கிறது. முந்தானையால் அதை மறைத்தபடியேதான் பேசுகிறார். கூடவே மகள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறரை வயதுப் பேத்தி. ஊரும் ஆளும் மாறலாம், இந்தக் கேள்வி மட்டும் மாறுவதில்லை. எந்த ஊர்ப் பல் மருத்துவரைக் கேட்டாலும், 'இது எங்களுக்குப் பழகிப்போன கேள்வி' என்றுதான் சொல்வார்.

கதை போன வருடம் ஆடியில் தொடங்கியது. மகள் வாங்கிக்கொடுத்த ஜிகர்தண்டாவை வாயில் வைத்ததும் வலது கீழ்க் கடைவாய்ப்பல்லில் சுரீர் என்று ஒரு கூச்சம். இரண்டு நொடியில் போய்விட்டது. அதன்பிறகு ஜில்லென்று எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் சமாளித்தார். புரட்டாசியில் இனிப்பும் கூசியது. தீபாவளி நேரத்தில் சூடான காபி பட்டாலே வலி, அதுவும் அரை மணி நேரம் நிற்காத வலி. ராத்திரி படுத்தால் போதும், காதுவரை விண் விண் என்று தெறிக்கும். கிராம்பைக் கடித்துப் பார்த்தார். பஞ்சில் கிராம்பு எண்ணெய், பெருங்காயம், உப்பு போட்ட வெந்நீர் என்று அக்கம்பக்கத்தில் சொன்னது எல்லாம் நடந்தது. மெடிக்கல் ஷாப்பில் 'பல்வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க' என்று கேட்டு வாங்கிய மாத்திரைகளும் உள்ளே போயின.

கார்த்திகையில் ஒருநாள் காலையில் எழுந்தபோது வலி இல்லை. சூடு, ஜில் எதுவும் கூசவில்லை. "கிராம்பு கைகண்ட மருந்துடி" என்று தெருவில் நாலு பேருக்கு அவரே வைத்தியம் சொன்னார்.

அன்றைக்குத்தான் அந்தப் பல் செத்துப்போயிருந்தது.

பூட்டிய அறைக்குள் ஒரு வீக்கம்

பல்லின் வெளிப்பூச்சு எனாமல். மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான், எலும்பைவிடக் கடினம். ஆனால் அதற்கு நரம்பு கிடையாது. எனாமலில் சொத்தை விழுந்து, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனாலும் ஒரு சின்ன முனகல்கூடக் கேட்காது. அதற்கு அடுத்த அடுக்கு டென்டின். இதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். சொத்தை இங்கே வந்தபிறகுதான் ஜில்லென்று பட்டால் கூசும். ஜிகர்தண்டா சுரீர் என்றது அப்படித்தான். அதாவது, முதல் கூச்சம் வரும்போதே சொத்தை ஒரு சுவரைத் தாண்டி உள்ளே வந்தாகிவிட்டது.

அந்தக் கட்டத்தில் வந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். சொத்தையான பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பல் நிறத்திலேயே ஃபில்லிங் வைத்து அனுப்பியிருப்பார்கள். அதிகம் போனால் அரை மணி நேர வேலை.

டென்டினுக்கும் உள்ளே, பல்லின் நடுவில் இருப்பது பல்கூழ். ரத்தக்குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மெத்தென்ற திசு. பல்லுக்கு உயிர் இதுதான். கிருமிகள் இங்கே வந்தவுடன் அந்தத் திசு வீங்கும். கையில் அடிபட்டால் தோல் விரிந்துகொடுத்து வீங்குகிறது. பல்லுக்குள் வீங்குவதற்கு எங்கே இடம்? சுற்றிலும் கல் மாதிரிச் சுவர். வீங்க வழியில்லாமல் அழுத்தம் ஏறி நரம்பை நசுக்குகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடும், அழுத்தமும் கூடும். பல்வலி ராத்திரியில் ஆளைக் கொல்வது அதனால்தான். தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்று தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

இந்த அழுத்தத்தில் ரத்த ஓட்டம் நின்று, பல்கூழ் மெல்ல மெல்லச் செத்துவிடும். நரம்பு செத்தால் வலி ஏது? ஆனால் கிருமிகள் சாகவில்லை. செத்த திசுவைத் தின்றபடி வேரின் நுனிவரை இறங்கி, தாடை எலும்புக்குள் சீழ்ப்பையாகக் குடியேறுகின்றன. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், சத்தமே இல்லாமல் கிடக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் தளர்ந்தால் போதும், கன்னம் வீங்கும்.

ஆகவே கூச்சம் எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பது முக்கியம். ஜில் பட்டு, எடுத்தவுடன் சில நொடிகளில் மறைந்தால் பல் இன்னும் பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கலாம். சூடு பட்டு நிமிடக்கணக்கில் நீடித்தால், எதுவும் படாமலேயே வலித்தால், ராத்திரி எழுப்பினால் பல்கூழ் தாங்கவில்லை என்று அர்த்தம். சூடும் ஜில்லும் உறைக்காமல், கடித்தால் மட்டும் 'பல்லு உயர்ந்த மாதிரி' வலித்தால் வேர் நுனியில் சீழ் சேர்ந்திருக்கலாம். டாக்டரிடம் "வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல் இந்த விவரங்களையும் சொன்னால், பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

கிராம்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அதிலுள்ள யூஜினால் என்ற எண்ணெய்ப்பொருள் உண்மையிலேயே நரம்பை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்ஸைடு பொடியோடு குழைத்துத் தற்காலிக ஃபில்லிங்காக வைக்கிறார்கள். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனை, நம் அஞ்சறைப்பெட்டி வாசனைதான். ஒரு ராத்திரி வலியைத் தாங்க அது உதவும், சொத்தையை ஆற்றாது. கிராம்பு எண்ணெய்ப் பஞ்சை விடிய விடிய ஈறில் வைத்துக்கொண்டு வெந்துபோன வாயோடு வருகிறவர்களும் உண்டு. ஆஸ்பிரின் மாத்திரையை நசுக்கி ஈறில் அப்புவது அதைவிட மோசம். வெள்ளையாக வெந்து தோலே உரிந்துவிடும்.

மூணு விரல் உள்ள போகுதா?

டாக்டர் முதலில் பல்லைப் பார்க்கவில்லை. "வாயை நல்லாத் திறங்கம்மா. உங்க மூணு விரலைச் சேர்த்து, நெட்டுக்கு உள்ள விடுங்க" என்றார். இரண்டரை விரல் போனது. "எச்சில் முழுங்க முடியுதா? காய்ச்சல் அடிச்சுதா? மூச்சு விடச் சிரமம்?" எதுவும் இல்லை. டாக்டர் நிம்மதியாக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

இந்தக் கேள்விகளுக்குக் காரணம் இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ், தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் பரவினால் நாக்கை மேலே தூக்கி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். 1836-ல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் 'லுட்விக்ஸ் ஆஞ்சைனா' என்று சொல்வார்கள். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் இது பெரும்பாலும் எமன். இன்றைக்கும் தாமதித்தால் உயிருக்கு ஆபத்துதான். பல்வலியோடு தாடைக்கு அடியில் கட்டியாக வீக்கம், வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, காய்ச்சல் என்று இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். கன்னம் வீங்கியிருக்கும்போது வெளியே சூடு ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம். சீழை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு வந்து கன்னத்திலேயே ஓட்டை போட்டுவிடும்.

"மாத்திரை எழுதிக் குடுங்க டாக்டரம்மா, வீக்கம் வடிஞ்சிரும். அப்புறமாப் பார்த்துக்கலாம்."

இதுவும் பழைய பாட்டுதான். ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேரும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை, பிறகு மருந்து எந்த வழியாகப் போகும்? வீக்கம் வடியும், கிருமியின் வீடு அப்படியே இருக்கும். இரண்டு மாதத்தில் மறுபடி வீங்கும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி அரைகுறையாகச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், பிறகு நிஜமாகவே தேவைப்படும் நாளில் வேலை செய்யாமல் போகவும் வாய்ப்புண்டு.

"சுகர் இருக்காம்மா?"

"லேசா இருக்குன்னாங்க. மாத்திரை போட்டுக்கிட்டிருந்தேன். நடுவுல விட்டுட்டேன்."

வீக்கம் ஏன் இப்போது வந்தது என்பதற்கு அதில் பாதி பதில் இருந்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் கிருமி பரவுவது எளிது, புண் ஆறுவது மெதுவு. இன்னொன்றும் உண்டு. ஈறில் நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும். ஒன்றை ஒன்று வளர்க்கும் கூட்டாளிகள் இவை. சர்க்கரைக்காரர்கள் கண்ணுக்கும் காலுக்கும் வருடா வருடம் பரிசோதனை செய்துகொள்வதுபோல வாயையும் காட்ட வேண்டும்.

பிடுங்கிப் போட்டுறலாமே!

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். அந்த இடத்தில் எலும்பு அரித்துப்போயிருந்தது. மகள்தான் கேட்டார்.

"பிடுங்கிடலாமா டாக்டர்? செலவும் கம்மி. பின்னாடி பல்லுதானே, யாருக்குத் தெரியப்போகுது?"

செலவு நியாயமான கவலைதான், அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஆனால் கணக்கை முழுசாகப் போட வேண்டும். இந்தப் பல் வாயிலேயே அதிகம் உழைக்கும் பல். இது போனால், பின்னால் இருக்கும் பல் காலி இடத்தை நோக்கிச் சாயும். மேலே எதிரில் இருக்கும் பல் கடிக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கி வரும். இடுக்குகளில் சோறு சிக்கி, அந்தப் பற்களிலும் சொத்தை. சாப்பாடு முழுக்க இடது பக்கமே நடக்கும், அந்தப் பக்கப் பற்கள் தேயும். காலி இடத்தை நிரப்பலாம் என்று சில வருடம் கழித்து வந்தால், பிரிட்ஜ் வைக்கப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நல்ல பற்களைச் சீவ வேண்டும். இம்பிளான்ட் என்றால் டைட்டானியம் திருகை எலும்பில் பதித்து, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள வழக்கமாகச் சில மாதங்கள் காத்திருந்து, அதன்மேல் பல்லை வைக்க வேண்டும். 1965-ல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரானிமார்க் முதல் நோயாளிக்கு வைத்ததிலிருந்து இந்த முறை நன்றாகவே வளர்ந்துவிட்டது. ஆனால் சொந்தப் பல்லைக் காப்பாற்றும் செலவைவிட இது பொதுவாக அதிகம்தான். இன்றைக்கு மிச்சம் பிடித்த காசு நாளைக்கு வட்டியோடு போகும்.

பிடுங்கவே கூடாது என்பதும் இல்லை. வேர்வரை பிளந்த பல், எலும்புப் பிடிப்பு போய் ஆடும் பல், முளைக்க இடமில்லாமல் குறுக்கே படுத்துக்கொண்டு தொல்லை தரும் ஞானப்பல் ஆகியவற்றை எடுப்பதுதான் சரி. 'மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும்' என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் எடுக்கிற வயதும் கண்ணாடி போடுகிற வயதும் பலருக்கு ஒன்றாக வந்துவிடுவதால் பழி பல்லின்மேல் விழுந்துவிட்டது.

பல் எடுத்தபிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதைத்தான் பலர் செய்வதில்லை. பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்று முழுக்கத் துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. குழியில் உறைந்திருக்கும் ரத்தக்கட்டிதான் அந்தப் புண்ணுக்குக் கட்டு. அது பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் மூன்றாம் நாள் வாக்கில் முதல் வலியைவிடப் பெரிய வலி வரும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது அதிகம். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதெல்லாம் மறுநாளிலிருந்துதான். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் எடுக்கப் போகிறோம் என்று அதைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. பல் மருத்துவரிடம் சொன்னால் அவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள்.

வேருக்குள் ஒரு துப்புரவுப் பணி

ரூட் கேனால் என்ற பேரைக் கேட்டாலே பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. வலி என்று பேர் வாங்கியது அந்தச் சிகிச்சை அல்ல, அதற்கு முந்தைய நாலு ராத்திரிகள். ஊசி போட்டு மரக்கச் செய்து, பல்லின் மேற்பகுதியில் சின்னக் கதவு திறப்பார்கள். இந்த அம்மாவுக்குக் கதவு திறந்ததுமே சீழ் வெளியேறி, கன்னத்தின் பாரம் குறைந்தது. முடி மாதிரி மெல்லிய கம்பிகளால் வேரின் குழாய்களைச் சுத்தம் செய்து, மருந்துநீர் விட்டுக் கழுவுவார்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் மூன்று, சிலருக்கு நான்கு குழாய்கள். ஒன்றை விட்டுவிட்டாலும் கிருமி அங்கே குடியிருக்கும் என்பதால்தான் நேரம் எடுக்கிறது, எக்ஸ்ரே திரும்பத் திரும்ப எடுக்கப்படுகிறது.

சீழ் நிறைய இருக்கும்போது மரக்கும் ஊசி சரியாக வேலை செய்யாது. கிருமித் தொற்றால் அந்த இடம் அமிலத்தன்மையாகி மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். 'எனக்கு ஊசியே பிடிக்கல, உயிர் போயிருச்சு' என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் வீங்கியபிறகு போனவர்கள்.

சுத்தம் செய்த குழாயை அடைக்கும் பொருளுக்குப் பேர் கட்டபெர்ச்சா. மலேயாப் பக்கத்துக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. கடலுக்கு அடியில் போட்ட பழைய தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் இதே பால்தான். கடல் தண்ணீரையே உள்ளே விடாத சரக்கு, பல்லுக்குள் எச்சிலை விடாமல் காவல் காக்கிறது.

எல்லாம் முடிந்ததும் வலி இருக்காது. அங்கேதான் அடுத்த கண்ணி. 'கேப் போடணும், வாங்க' என்று சொல்லி அனுப்புவார்கள். வலிதான் இல்லையே என்று வராமல் இருந்துவிடுவோம். சொத்தையிலும் சிகிச்சையிலும் பெரும்பகுதியை இழந்த கடைவாய்ப்பல் ஓட்டை விழுந்த பானை மாதிரி. ஒருநாள் முறுக்கோ கறி எலும்போ கடிக்கும்போது நடுவில் பிளக்கும். வேர்வரை பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ரூட் கேனாலுக்குக் கொடுத்த பணமும் சேர்ந்து போகும். கேப்பில் விலை ஏறினால்தான் தரம் என்று நினைக்கவும் வேண்டாம். சிரித்தால் தெரியாத பின்பல்லுக்குச் சாதாரண உலோக கேப்பே வருடக்கணக்கில் உழைக்கும். ஜிர்கோனியா போட வசதி இருந்தால் போட்டுக்கொள்ளலாம். வசதியில்லை என்பதற்காக கேப்பே போடாமல் விடுவதுதான் தப்பு.

தனியாரில் முடியாதவர்களுக்கு வழி இல்லாமலில்லை. சென்னையில் 1953-லிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2023-ல் புதுக்கோட்டையிலும் ஒன்று வந்தது. அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளிக் கிளினிக்கைவிடக் கட்டணம் பொதுவாகக் குறைவு. மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நேரம் கூட ஆகும், பொறுமை வேண்டும்.

கிளீன் பண்ணினா பல்லு ஆடுமாமே?

இரண்டாவது முறை வந்தபோது டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்து முன்பற்களின் பின்பக்கத்தைக் காட்டினார். மஞ்சளாகக் காரை. சிமென்ட் மாதிரிக் கெட்டி. பிரஷ்ஷால் அதை எடுக்க முடியாது, ஸ்கேலிங்தான் வழி. பல் ஆடும் என்ற பயம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. உண்மை தலைகீழ். காரைக்கு அடியில் கிருமிகள் ஈறையும் எலும்பையும் ஏற்கெனவே அரித்திருக்கும். காரையே பல்லுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். முட்டை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவது இன்னொரு பழக்கம். அழுக்கு இருப்பதால்தான் ரத்தம் வருகிறது. மெதுவாக அங்கேயும் துலக்க வேண்டும்.

வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு அந்த மூன்று விரல் சோதனை வீட்டிலேயே செய்யக்கூடியது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வாய் சிறுத்துக்கொண்டே வந்தால், காரம் பட்டால் எரிந்தால், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால் காட்டிவிட வேண்டும். பல்லை வெள்ளையாக்கும் சிகிச்சை, கிளிப் போடுவது போன்றவை தனிக் கதை. ஈறும் சொத்தையும் சரியான பிறகு யோசிக்க வேண்டியவை.

"நான் தினம் காலையில பல்லு விளக்குறேனே!" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் ரோஷமாக.

காலையில் விளக்குவது நமக்குப் பழகிப்போன ஒழுங்கு. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் கண்டிப்பாகச் செய்ய முடியும் என்றால் ராத்திரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அமிலத்தைக் கழுவும் காவல்காரன் எச்சில்தான். காவல் இல்லாத எட்டு மணி நேரம், பல்லிடுக்கில் ராத்திரிச் சாப்பாடு. கிருமிகளுக்கு வேறென்ன வேண்டும்?

இனிப்பின் அளவைவிட எத்தனை முறை என்பதுதான் பெரிய விஷயம். ஒவ்வொரு முறை சர்க்கரை உள்ளே போகும்போதும் கிருமிகள் அதை அமிலமாக்கும். வாயின் பி.எச். 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரம்கூட ஆகலாம். ஒரே மூச்சில் இரண்டு லட்டு சாப்பிட்டால் ஒரு தாக்குதல். சர்க்கரை போட்ட டீயை நாளுக்கு ஆறு தடவை, ஒவ்வொன்றையும் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தால் நாள் முழுக்க முற்றுகை.

பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், சுமார் 1,000 பி.பி.எம். என்று அட்டையில் போட்டிருக்கும். தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும். சொம்பு சொம்பாகக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் சாக்கடையில் போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடி, பற்கள் பழுப்பேறியது உண்மைதான். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அது வருடக்கணக்கில் குடித்து வயிற்றுக்குள் போனதால் வந்த வினை. பேஸ்ட் துப்பிவிடுகிற சரக்கு. அப்படிப்பட்ட ஊரில் சின்னக் குழந்தை இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். வேப்பங்குச்சி கெட்டதில்லை, ஆனால் கடைவாயின் பின்பக்கம் அது போய்ச் சேராது. செங்கல் பொடியும் அடுப்புக்கரியும் பல்லை வெளுக்கவில்லை, தேய்க்கின்றன. எனாமல் தேய்ந்தால் மறுபடி முளைக்காது.

பேத்தியின் வாயில் ஒரு கோடு

மூன்றாவது முறை கேப்புக்கு அளவு எடுத்து முடிந்தது. நாற்காலி மேலே ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, "நானும் உக்காரவா?" என்றாள். டாக்டர் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொன்னார். முன்னால் இரண்டு பற்கள் விழுந்திருந்தன. டாக்டரின் கண்ணாடி பின்னால் போய் ஓரிடத்தில் நின்றது.

"இங்க வந்து பாருங்கம்மா. கடைசிப் பல்லுல பழுப்பா ஒரு கோடு தெரியுதா?"

மகள் எட்டிப் பார்த்தார். "அது பால் பல்லுதானே டாக்டர்? விழுந்து வேற முளைச்சிரும்ல?"

"இது விழாது. ஆறு வயசுல பால் பல் வரிசைக்குப் பின்னாடி புதுசா முளைக்கிற பல்லு. ஒண்ணும் விழாம தானா வர்றதால எல்லாரும் பால் பல்லுன்னு நினைச்சுக்கிறாங்க. இது நிரந்தரப் பல். அம்மாச்சிக்கு நாம இப்ப மூணு வாரமா வைத்தியம் பார்த்துக்கிட்டிருக்கோமே, அதே பல்லுதான். அவங்களுக்கு முளைச்சு 42 வருஷம் ஆச்சு. இவளுக்கு ஆறு மாசம்."

மகள் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மா முந்தானையை எடுத்துவிட்டு, பேத்தியின் வாய்க்குள் குனிந்து பார்த்தார்.

புதிதாக முளைத்த பல்லில் எனாமல் இன்னும் முழுசாக இறுகியிருக்காது. மேலே பள்ளமும் மேடுமாகப் பிரஷ் முனைகூட நுழையாத இடுக்குகள் இருக்கும். சொத்தை இங்கேதான் முதலில் குடியேறுகிறது. சொத்தை விழும் முன்பே இந்த இடுக்குகளில் சீலன்ட் என்ற திரவத்தை ஊற்றி உறைய வைத்துவிடலாம். ஊசி இல்லை, குடைவது இல்லை, பத்து நிமிட வேலை. பால் பல்லில் சொத்தை வந்தாலும் 'விழப்போற பல்லுதானே' என்று விடக் கூடாது. கடைசிப் பால் பற்கள் விழ 11, 12 வயது ஆகும். அதற்கு முன்பே அவை போய்விட்டால், கீழே வரும் பல்லுக்கு இடம் இல்லாமல் வரிசை கோணும். ஏழெட்டு வயதுவரை குழந்தையே துலக்கினாலும், ராத்திரி ஒரு முறை பெரியவர்கள் பிரஷ்ஷை வாங்கித் துலக்கிவிட வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு பேஸ்ட், அதன்பிறகு பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவதுபோல பிரஷ் நீளத்துக்கு வழியவிட்டால் குழந்தை பாதியை முழுங்கும்.

டாக்டர் ஈரத்தை ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் மறுபடி பார்த்தார். இடது பக்கம் கோடு மட்டும்தான், ஓட்டை விழவில்லை. வலது பக்கம் சின்னதாக ஒரு புள்ளி இறங்கியிருந்தது. அதற்கு மட்டும் சின்ன ஃபில்லிங், மற்ற மூன்றுக்கும் சீலன்ட்.

"எப்பக் கூட்டிட்டு வரட்டும் டாக்டர்? ஸ்கூல் லீவு விடட்டுமா?" என்று மகள் கேட்டார்.

"வலியே இல்லையேடி அவளுக்கு" என்று ஆரம்பித்த அந்த அம்மா, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "வியாழக்கிழமை எனக்கு கேப் மாட்டுறப்பவே இவளையும் பார்த்துருங்க டாக்டரம்மா" என்றார்.